பத்து கேள்விகள், பத்து ‘நோ’

சென்ற மாதம் பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே, ஒரு மரக்கப்பலின் மேல்தளத்தில் உட்கார்ந்துகொண்டு, என் கணவர் எனக்காக ஒரு பொய் எழுதினார். பால்பாயிண்ட் பேனாவில், கேபிடல் லெட்டரில், கட்டத்துக்கு வெளியே போகாமல். அது பொய் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

பம்பாயில், செம்பூரில் ஒரு டூ பெட்ரூம் ஃபிளாட்டில் ஒழுங்காக இருந்துகொண்டிருந்த இரண்டு பேர் — அவருக்கு அறுபது, எனக்கு ஐம்பத்து நாலு — எதற்காக இந்தோனேஷியா போய்க் கடலுக்கு அடியில் இறங்க வேண்டும்? நியாயமான கேள்வி. எங்கள் பில்டிங் லிஃப்டில் ஏறிய எல்லோரும் கேட்டார்கள். மூன்றாவது மாடி மராத்திக்காரர் மட்டும் கேட்கவில்லை. அவர் நேராக, இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சா என்றார்.

காரணம் ரொம்ப சாதாரணம். என் கணவர் ரமணன் போன வருஷம் ரிடையர் ஆனார். ஒரு உரக் கம்பெனியில் பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட். சின்ன வயதிலிருந்து தாதரில் நீச்சல் குளத்துக்குப் போகிறவர். நான் நாற்பத்தெட்டு வயதில், லேடீஸ் பேட்ச்சில், தெர்மோகோல் பலகையைக் கட்டிக்கொண்டு கற்றுக்கொண்டேன். குளத்து நோட்டீஸ் போர்டில் ஒருநாள் ஸ்கூபா டைவிங் கோர்ஸ் என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இரண்டு வாரக்கடைசி குளத்திலே பயிற்சி, பிறகு அந்தமானில் நாலு டைவ், கையில் ஒரு பிளாஸ்டிக் கார்டு. இவருக்கு எந்த கார்டாக இருந்தாலும் பிடிக்கும். சேர்ந்துவிட்டோம்.

இவருக்கு அது பொழுதுபோக்கு. எனக்கு வேறு.

தண்ணீருக்கு அடியில் போனால் முதலில் கேட்பது மீனும் இல்லை, அலையும் இல்லை. நம்முடைய மூச்சுதான். உள்ளே இழுக்கும்போது ஒரு ஸ்ஸ்ஸ்... வெளியே விடும்போது குபுகுபுவென்று குமிழி. வேறு சத்தமே கிடையாது. அந்தமானில் பத்து மீட்டர் ஆழத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து நான் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். மற்றவர்கள் பவளப் பாறையைப் பார்த்தார்கள். நான் மூச்சு விடுவதை ரசித்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு சுகம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஏன் அப்படி என்றால்... எனக்குப் பதினேழு வயது வரை ஆஸ்துமா.

இதைப் படிக்கிற என் அம்மா இந்த இடத்தில் பேப்பரை மடக்கிவிடுவாள். ஏனென்றால் அந்த வார்த்தை எங்கள் வீட்டில் தடை செய்யப்பட்ட வார்த்தை. மாட்டுங்காவில் எங்கள் ஃபேமிலி டாக்டர் எழுதிக் கொடுத்ததுகூட அம்மாவின் வாயில் ‘தூசி ஒத்துக்காது’ என்றுதான் வரும். ஜாதகத்தை வெளியே எடுத்த அன்று என்னை சமையலறைக்குக் கூப்பிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். “நின்னு போயாச்சு, இனிமே அது உனக்கு இருந்ததே இல்லை.” பெண்ணுக்கு மூச்சிரைப்பு என்று தெரிந்தால் யார் கட்டிக்கொள்வார்கள்? அம்மா கெட்டவள் இல்லை. அன்றைக்கு மாட்டுங்காவில் பெண்ணை வைத்திருந்த எந்த அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

சொன்னபடி நடந்தேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். இவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை. முதல் வருஷம் பயம். பத்தாவது வருஷம் சங்கோசம். இருபதாவது வருஷம், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு பதில் இல்லை. ரகசியங்கள் ஊறுகாய் மாதிரி. நாளாக ஆக மூடியைத் திறக்கிறது கஷ்டம்.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

முதல் நாலு நாள் பாலித் தீவு. கெதுட் என்று ஒரு கைடு, ஒரு வெள்ளை கார். கடலோரக் கோயில், மலையடிவார ஏரி, படிப்படியாக இறங்கும் வயல், தலைமேல் பழக்கூடை வைத்துக்கொண்டு போகும் பெண்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது கெதுட்தான். காரில் ஏறிப் பத்து நிமிஷத்தில் தன் பித்தப்பையில் மூன்று கல் இருப்பதைச் சொல்லிவிட்டார். அரை மணியில் மனைவிக்கு இரண்டு தடவை கரு கலைந்த கதை. மதியச் சாப்பாட்டுக்குள் மைத்துனனின் குடிப்பழக்கம். எந்தக் கூச்சமும் இல்லாமல், சிக்னலில் பச்சை விழுந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

பிறகு கண்ணாடியில் எங்களைப் பார்த்து, உங்களுக்கு என்ன வியாதி என்று கேட்டார்.

இவர் திடுக்கிட்டுப் போய், ஒன்றும் இல்லை, ஆல் ஃபைன் என்றார். கெதுட் நம்பவில்லை. அறுபது வயதில் ஒன்றுமே இல்லையா? பாவம், அவருக்கு எங்கள் மேல் ஒரு வருத்தமே வந்துவிட்டது. தன் மூன்று கல்லையும் கொடுத்த பிறகு நாங்கள் ஒரு சர்க்கரையாவது காட்டியிருக்க வேண்டாமா?

ஐந்தாம் நாள் சின்ன விமானத்தில் ஃபுளோரஸ் தீவுக்குப் போய் இறங்கினோம். துறைமுகத்தில் எங்கள் கப்பல். இரண்டு பாய்மரம், ஆறு அறை, எட்டு பயணிகள். நாலு ராத்திரி அதிலேயே வாசம். காலையில் ஒரு டைவ், மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நடுவில் சாப்பாடு, தூக்கம். கடலில் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கப்பலே நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும். செம்பூரிலிருந்து சி.எஸ்.டி. ஸ்டேஷன் வரை முப்பது வருஷம் லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே போன மனிதருக்கு இது சொர்க்கம்.

ஏறிய உடனே ஃபார்ம்.

டைவ் மாஸ்டர் பெயர் யோஸ். நாற்பது வயது இருக்கும், ஒல்லி, வெயிலில் கறுத்தவர், அதிகம் பேச மாட்டார். எட்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு மெடிகல் ஃபார்ம் கொடுத்தார். பத்து கேள்விகள். இருதயம், ரத்தக் கொதிப்பு, காது, வலிப்பு, ஆபரேஷன்... நுரையீரல், ஆஸ்துமா, எப்போதாவது இருந்ததா? யெஸ் அல்லது நோ. ஒரு யெஸ் விழுந்தாலும் டாக்டர் கையெழுத்து வேண்டும்.

எங்கள் வீட்டில் ஃபார்ம் என்றால் இவர் இலாகா. எங்கள் வீட்டில் மட்டும் என்ன, பில்டிங் முழுவதுக்கும். பேங்க் கே.ஒய்.சி., பாஸ்போர்ட், பென்ஷன், குழந்தைகள் காலேஜ் அட்மிஷன்... ஞாயிற்றுக்கிழமை காலையில் இவரைத் தேடிக்கொண்டு வருவார்கள். இவருக்கு ஒரு தத்துவம் உண்டு. “எந்த ஃபார்மா இருந்தாலும் சரி, யெஸ்னு மட்டும் எழுதப்படாது. எழுதினா அனெக்ஷர்னு இன்னொரு காகிதம் கேப்பான்.”

ஆகவே என் ஃபார்மையும் இவரே வாங்கிக்கொண்டார். பேர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் மனப்பாடம். பத்து கேள்விக்கும் நோ, நோ, நோ. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோர்ஸில் சேர்ந்தபோதும் இப்படித்தான். அடியில் பெருக்கல் குறி போட்டு, இங்கே கையெழுத்து என்று நீட்டினார்.

பக்கத்து மேஜையில் மூன்று பேர் கொண்ட ஒரு ஜெர்மன் கோஷ்டி. அதில் ஒரு பெண்மணி. எங்கள் வயதுதான். நாலு இடத்தில் யெஸ் போட்டு, பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து டாக்டர் சர்டிபிகேட்டுகளை வரிசையாக அடுக்கினாள். இவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

யோஸ் எங்கள் இரண்டு ஃபார்மையும் பார்த்தார். கையெழுத்து ஒன்றுபோல இருக்கிறதே என்றார். இவர், ஷி இஸ் மை வைஃப் என்று விளக்கினார். நம்மூரில் அது போதுமான விளக்கம். யோஸுக்குப் போதவில்லை. இன்னொரு ஃபார்மை எடுத்து என் கையில் கொடுத்து, நீங்களே எழுதுங்கள் என்றார்.

வாசகர்களே, இங்கேதான் நான் நல்லவளாக மாறியிருக்க வேண்டும். பேனா என் கையில். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் யெஸ் எழுதினால் என்ன நடக்கும்? நடுக்கடலில் டாக்டர் கிடையாது. நாலு நாளும் மேல்தளத்தில் உட்கார்ந்து துண்டு மடிக்க வேண்டும். அதைவிட, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இவர் எட்டிப் பார்ப்பார். இது என்ன வசு என்பார். அந்த மூன்று வெள்ளைக்காரர்கள் முன்னால் இருபத்தெட்டு வருஷக் கணக்கைத் திறக்க வேண்டும்.

இவர் எழுதியதைப் பார்த்து அப்படியே காப்பி அடித்தேன். பத்து நோ. என் கையெழுத்தில்.

முதல் நாள் டைவ் சுலபம். அமைதியான விரிகுடா, வெதுவெதுப்பான தண்ணீர். ஒரு ஆமை எங்களைச் சட்டை செய்யாமல் புல் மேய்ந்துகொண்டிருந்தது. என் மூச்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாற்பது நிமிஷம் இருந்தேன். மேலே வந்தபோது, யார் என்ன சொன்னால் என்ன, அது எனக்கு இருந்ததே இல்லை என்று நானே நம்பினேன்.

இரண்டாம் நாள் காலை வேறு இடம். கடலுக்கு நடுவே ஒரு பாறை, அதைச் சுற்றி நீரோட்டம். பாறையின் மறைவிலேயே இருங்கள், ஓரத்துக்குப் போகாதீர்கள் என்று யோஸ் படம் வரைந்து சொன்னார். பதினாறு மீட்டர் ஆழம். ஆரஞ்சு நிறத்தில் ஆயிரக்கணக்கில் சின்ன மீன்கள். பார்த்துக்கொண்டே கொஞ்சம் ஓரமாகப் போய்விட்டோம் போல. ஓட்டம் பிடித்து இழுத்தது. காலை அடித்து அடித்து நீந்தினேன். சென்ட்ரல் லைன் ரயிலில் ஏறுகிற கூட்டத்துக்கு எதிராக இறங்குகிற மாதிரி... எவ்வளவு அடித்தாலும் அதே இடம்.

அப்போது நெஞ்சில் யாரோ கயிறு கட்டினார்கள்.

வெளியே விடுகிறேன், போகவில்லை. உள்ளே இழுக்கிறேன், இடமில்லை. அந்த ஸ்ஸ்ஸ் சத்தத்துக்கு நடுவே சின்னதாக ஒரு விசில். முப்பத்தேழு வருஷம் ஆகியிருக்கலாம். ஆனால் அந்த விசிலை எனக்குத் தெரியாதா?

எனக்கு பயமாக இருந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை. செத்துப்போவேன் என்றுகூடத் தோன்றவில்லை. மேலே போனதும் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றுதான் தோன்றியது. இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

யோஸ் வந்துவிட்டார். என் கையைப் பிடித்து, கண்ணுக்கு நேரே முகத்தை வைத்து, மெதுவாக, மெதுவாக என்று சைகை காட்டி ஒவ்வொரு மீட்டராக மேலே கொண்டுவந்தார். இவரும் பின்னாலேயே வந்தார். ரப்பர் படகில் என்னைத் தூக்கிப் போட்டார்கள். இருமல் நிற்கவில்லை. யோஸ் ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்துவிட்டு என் முதுகில் காதை வைத்துக் கேட்டார். பிறகு ஒரே வார்த்தை. ஆஸ்துமா?

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பதில் சொன்னார். நோ, நோ. கொஞ்சம் தண்ணீர் உள்ளே போய்விட்டது, அவ்வளவுதான்.

யோஸ் இவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாஸ்க்கை விலக்கி, யெஸ் என்றேன்.

அந்த மனிதர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சாதாரணக் குரலில் சொன்னார். மூச்சுக் குழாய் சுருங்கினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். மேலே வர வர அந்தக் காற்று விரியும். நுரையீரல் கிழியும். நீங்கள் எனக்குச் சொல்லியிருந்தால் உங்களை இந்த நீரோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டேன். நீங்கள் எழுதியதை நம்பித்தான் கூட்டிக்கொண்டு வந்தேன்.

  இத்தனை வருஷம் நான் மறைத்தது என் சொந்த விஷயம் என்று நினைத்திருந்தேன். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்த ஒல்லி மனிதர் வாழ்நாள் முழுக்க அதைச் சுமந்திருப்பார். ஃபார்மில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

இனி எனக்கு டைவ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

கப்பலுக்கு வந்து, உடை மாற்றி, மேல்தளத்தில் ஒரு சாய்வு நாற்காலியில் போட்டார்கள். அரை மணியில் மூச்சிரைப்பு அடங்கியது. மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். இவர் மட்டும் பக்கத்தில். இருபத்தெட்டு வருஷமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று என்னிடம் இருக்கிறது. ‘இத பாருங்கோ, உங்ககிட்ட ஒரு விஷயம்...’ என்று ஆரம்பிக்கும். அந்தப் பேச்சை எடுத்தேன்.

முதல் வாக்கியம் முடிவதற்குள் இவர், “பரவாயில்லை விடு, எனக்குத் தெரியும்” என்றார்.

இப்போது தெரிந்தது என்கிறாரோ என்று நினைத்தேன்.

“இப்போ இல்லை. கல்யாணத்துக்கு முன்னாடியே.”

என் நாத்தனார் லதா மாட்டுங்காவில் நான் படித்த அதே பள்ளிக்கூடம். ஒரு வகுப்பு மேலே. ஒரே பள்ளிக்கூடம் என்று தெரிந்தபோது என் அம்மா, நல்ல சம்பந்தம் என்று சந்தோஷப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது. ஜாதகத்தோடு வந்த ஃபோட்டோவைப் பார்த்தவுடன் லதா சொல்லியிருக்கிறாள். இது பி.டி. பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருக்குமே, அந்தப் பொண்ணுதானே? அது வீட்டில் எல்லோர் காதிலும் விழுந்தது. என் மாமியார் யோசித்துவிட்டு, பொண்ணு வீட்டில் அவர்களாகச் சொல்கிறார்களா பார்ப்போம் என்றாராம். நாங்கள் சொல்லவில்லை. அப்படியானால் நாமும் கேட்க வேண்டாம், பாவம், சங்கடப்படுவார்கள் என்று முடிவாகிவிட்டது.

பெரிய மனுஷத்தனம்தான். சந்தேகமே இல்லை.

கேட்கக் கேட்க என்னென்னவோ நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் என் மாமியார் என்னைப் பரண் பக்கமே விட மாட்டார். பித்தளைப் பாத்திரமெல்லாம் அங்கேதான் இருந்தது. என்மேல் நம்பிக்கை இல்லை என்று அழுதிருக்கிறேன். தூசி என்பதால் விடவில்லை! மழைக்காலத்தில் ரோட்டைப் பார்த்த அறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு ஈரச்சுவர் அறைக்கு அவர் போனதும் அப்படித்தான். இருபத்தெட்டு வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் என்னைக் காப்பாற்றியிருக்கிறார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த நிமிஷம் கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை.

“தெரிஞ்சேதான் நோ போட்டேளா?”

இவர் கடலைப் பார்த்தார். பிறகு ரொம்ப நியாயமான குரலில் சொன்னார்.

“நீ சொல்லலையே, வசு. நானா எப்படி எழுதறது?”

இதைவிடத் தெளிவாக எங்கள் ஜனங்களை யாரும் விளக்க முடியாது. பதினாறு மீட்டர் ஆழத்துக்கு என்னை அனுப்ப இவருக்கு மனசு வந்தது. என் முன்னால் அந்த ஒரு வார்த்தையை எழுத மனசு வரவில்லை. கடலில் தள்ளிவிடுவதைவிடத் தர்மசங்கடப்படுத்துவது பெரிய பாவம்!

யோசித்தால் நாம் எல்லோருமே இப்படித்தான். என் சித்தப்பா பையன் ஒருவன் முலுண்டில் இருக்கிறான். வேலை போய் மூன்று மாதம் அதே 8.12 லோக்கலைப் பிடித்து, தாதரில் இறங்கி, பார்க்கில் உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போவான். அவன் மனைவிக்கு முதல் வாரத்திலேயே தெரியும். தினமும் டிபன் கட்டிக் கொடுத்தாள். ஒரு கறி கூடுதலாக. அவனுக்கு வேறு வேலை கிடைத்த பிறகும் இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. நாங்கள் எல்லோரும் அவளை மெச்சினோம், என்ன பக்குவம் என்று. எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. அந்த மூன்று மாதமும் அவன் பார்க் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தானே... ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பான் இல்லையா?

நாம் கேட்காமல் இருப்பதை மரியாதை என்கிறோம். சொல்லாமல் இருப்பதை மானம் என்கிறோம். நடுவில் ஒரு ஆள் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பார்.

மறுநாள் யாருக்கும் டைவ் கிடையாது, கொமோடோ தீவில் நடை. உலகத்திலேயே பெரிய பல்லிகள். பல்லி என்று சொல்லக்கூடாது, ஒவ்வொன்றும் ஒரு சோபா நீளம். கையில் கவட்டைக் கம்போடு ஒரு வனக் காவலர் எங்களை வரிசையில் நிறுத்தினார். உடம்பில் காயம் இருப்பவர்கள், மாதவிலக்கில் இருக்கும் பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதுகளுக்கு ரத்த வாசனை தெரியும், சொன்னால் நான் பக்கத்திலேயே வருவேன், சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாது என்றார். ஜெர்மன் கோஷ்டியில் ஒரு இளம்பெண் கையைத் தூக்கி, நான் என்றாள். காவலர் தலையாட்டி அவளைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். முடிந்தது விஷயம். இவர் மட்டும் அவசரமாக மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

நானும் கையைத் தூக்கி, எனக்கு நின்று நாலு வருஷம் ஆகிறது, ஆனால் ஆஸ்துமா உண்டு என்றேன். காவலருக்கு அது தேவைப்படாத தகவல். ஆனாலும் மரியாதையாகத் தலையாட்டினார்.

மீதி நாளில் இவர் டைவ் பண்ண மாட்டேன் என்று அடம்பிடித்தார். என் பார்ட்னர் இல்லாமல் எப்படி என்றார். போங்கோ என்று நான்தான் துரத்தினேன். தியாகமெல்லாம் இல்லை, எனக்குக் கொஞ்சம் தனியாக இருந்து கோபப்பட வேண்டியிருந்தது. நாலு சர்டிபிகேட் ஜெர்மன் பெண்மணியோடு போனார். கடைசி நாள் ராட்சசத் திருக்கைகளைப் பார்த்தார்களாம். தலைக்கு மேலே ஆறு, ஏழு, ஷாமியானா மாதிரி மிதந்து போயிற்றாம். இதெல்லாம் அந்தப் பெண்மணி சொன்னது. இவரைக் கேட்டால், “நன்னா இருந்தது” என்றார்.

நான் பார்க்கவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது.

பம்பாய் திரும்பிய அடுத்த வாரம், செம்பூரில் ஒரு நெஞ்சு டாக்டர். யோஸ் கொடுத்தனுப்பிய வெற்று ஃபார்ம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் சரி என்று கையெழுத்துப் போட்டால் மறுபடி இறங்கலாம். காத்திருக்கும்போது நானே நிரப்பினேன். இவர் பேனாவை மட்டும் கொடுத்தார். குழாயில் ஊதச் சொன்னார்கள், மருந்து கொடுத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். டாக்டர் சின்னப் பெண், எங்கள் லதாவின் பெண் வயசு இருக்கும்.

“கடைசியா எப்ப வந்தது ஆன்ட்டி?”

பதினேழு வயதில், அதற்குப் பிறகு இந்தப் படகில்தான் என்றேன்.

இவர் தொண்டையைக் கனைத்தார். “அப்படி இல்லை டாக்டர். கல்யாணமாகி ரெண்டாவது வருஷம் ஜூலைல ரெண்டு நாள். அப்புறம் பில்டிங் பெயிண்ட் அடிச்சப்போ. பையனுக்கு டென்த் எக்ஸாம் சமயத்துல ஒரு வாரம். கோவிட் முடிஞ்சு ஒரு தடவை.”

நான் திரும்பிப் பார்த்தேன். அதெல்லாம் லேசாக வந்துபோனது. கணக்கிலேயே சேர்க்காமல் நானே மறந்துபோனது. அப்போதெல்லாம் எழுந்து சமையலறைக்குப் போய், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு, மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சத்தம் வெளியே கேட்காது என்று நினைத்திருந்தேன்.

“நீங்க முழிச்சிண்டா இருந்தேள்?” என்றேன்.

“நீ திரும்பி வந்து படுக்கற வரைக்கும் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?”

டாக்டர் ரிப்போர்ட்டை இன்னொரு தடவை பார்த்தார். தினமும் இழுக்க ஒரு மருந்து எழுதினார். பிறகு ஃபார்மை எடுத்து, அடியில் இருக்கும் இரண்டு கட்டங்களில் ‘தகுதியில்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டார். நீந்தலாம், மேலே மிதந்துகொண்டு பார்க்கலாம், சிலிண்டர் கட்டிக்கொண்டு அடியில் மட்டும் வேண்டாம். இப்போது மட்டும் இல்லை ஆன்ட்டி, எப்போதுமே வேண்டாம்.

என் வாழ்க்கையில் நான் உண்மையாக நிரப்பிய முதல் மெடிகல் ஃபார்ம் ரிஜெக்ட் ஆகிவிட்டது.

கீழே இறங்கி ரிக்ஷாவுக்கு நின்றோம். அந்தத் தண்ணீருக்கு அடியில் என் மூச்சை நானே கேட்டுக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. இனி கிடையாது. நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக இந்த மாதிரி சமயத்தில் இவர் பஸ் ரூட், காய்கறி விலை என்று ஏதாவது ஆரம்பிப்பார். ரிக்ஷா ஒன்று வந்து நின்றது. இவர் ஏறவில்லை.

“ரொம்ப வருத்தமா இருக்கா வசு?” என்று கேட்டார்.

இருபத்தெட்டு வருஷத்தில் அவராகக் கேட்ட முதல் கேள்வி. ஆமாம் என்றேன்.